பட்டை காக்கும் பழைய மோட்டார்

மோட்டார் வண்டியின் சாமான் பெட்டியைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'பூட்' என்பர். பூட்டுக்கும் இப்பெயருக்கும் சொல்லுறவு ஏதும் இல்லை. இஃது ஆங்கிலேயர் வழி வந்த பெயர். அப்பெட்டியின் மூடி, வண்டியின் உடலோடு பொருந்தும் விளிம்பு நெடுக ஒரு ரப்பர்ப் பட்டை ஓடுகிறது. விரற்பருமனே உள்ள இப்பட்டை கெட்டால் நேரும் தீங்கு யாது, அதனை மாற்றும் முறை யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

புக்கிட் மேரா என்னும் மலாய்ப் பெயருக்குச் செங்குன்று என்பது பொருள். அவ்வட்டாரத்து லெங் கீ சாலை, மோட்டார் விற்பனைக் கூடங்களுக்குப் பெயர் பெற்றது. புது வண்டிகள் மின்னும் அவ்வழியே மோரிஸ் மைனர் போன்ற பழைய வண்டியொன்று செல்லுமாயின், நின்று நோக்காதார் சிலரே. அத்தகைய வண்டிக்கு முதற்பகை மழையாகும். சிங்கப்பூரில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழை பெய்யும் நாட்கள் ஏறத்தாழ 171. பட்டை சுருங்கிய இடத்தில் நுழையும் நீர், விரிப்பின் கீழும் மாற்றுச் சக்கரத்தின் அடியிலும் தங்கித் தகட்டை அரிக்கிறது. செங்குன்றின் மண்ணைச் சிவப்பாக்குவது இரும்பின் ஆக்சைடு. தகட்டைத் தின்னும் துருவும் இரும்பின் ஆக்சைடே. குன்றுக்கு அழகு தரும் பொருள் வண்டிக்கு நோயாகிறது.

துருவினும் கொடியது நச்சுப்புகை. வண்டி ஓடும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. ஆதலின், குழாய் வழியே வெளியேறிய புகையில் ஒரு பகுதி வண்டியின் முதுகையே சுற்றி நிற்கிறது. பட்டையில் இடைவெளி இருப்பின் அப்புகை பெட்டிக்குள் நுழையும். பழைய வண்டிகள் பலவற்றில் பெட்டிக்கும் பின் இருக்கைக்கும் இடையே மெல்லிய அட்டைத் தடுப்பே உண்டு. அதனைக் கடந்து, அமர்ந்திருப்போர் மூச்சில் புகை கலக்கும். புகையைத் தூய்மை செய்யும் கருவி பழைய வண்டிகளில் இல்லாமையால் அதில் கார்பன் மோனாக்சைடு மிகுதி. நிறமும் மணமும் அற்ற அவ்வாயு முதலில் தலைவலியும் மயக்கமும் தந்து, மிகுந்தால் உயிரையே போக்கவல்லது. எனவே, இப்பட்டையை மாற்றுவது வெறும் அழகு வேலை அன்று.

நன்றாயிருந்த ரப்பர் ஏன் கெடுகிறது? இதனை அறிய அதன் பிறப்பை அறிதல் வேண்டும். 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவந்த விதைகளின் வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாதவாறு பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைப் பரப்பினார். பின்னர் மலாயாத் தோட்டங்களில் வைகறையில் எழுந்து பால்மரம் வெட்டியோருள் தமிழர் பெருந்தொகையினர். அவர்கள் மங்கில் ஏந்திய பால் உலகெங்கும் சென்று மோட்டார் உறுப்புகளாயிற்று.

பாலிலிருந்து பெறும் ரப்பர், நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆயது. 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தபடி, கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அச்சங்கிலிகள் ஆங்காங்கே முடிச்சிடப்பெறுகின்றன. அமுக்கிய ரப்பர் மீண்டெழுவது இம்முடிச்சுகளாலேயே. எனினும் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் எஞ்சி நிற்கின்றன. காற்றிலுள்ள ஓசோன் அவற்றைத் தாக்கி அறுக்கிறது. இழுபட்டு நிற்கும் இடமே முதலில் வெடிக்கும். வெயிலும் வெப்பமும் எஞ்சிய மென்மையைப் போக்கிவிடும். 1960-களில் பரவத் தொடங்கிய ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரின் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஆதலின் அது ஓசோனைத் தாங்குகிறது. பழைய வண்டிக்குப் புதுப் பட்டை வாங்குவோர் இவ்வகையைத் தேர்தல் நன்று.

இனி மாற்றும் முறையை நோக்குவோம். குறை எங்குள்ளது என்பதை ஆசிரியர் கைச் சுண்ணக்கட்டியே காட்டிவிடும். பட்டை வந்து அழுந்தும் தகட்டு விளிம்பில் சுண்ணத்தைப் பூசி, மூடியைச் சாத்தித் திறந்தால், தொட்ட இடமெல்லாம் பட்டையில் வெள்ளை படியும். படியாத இடமே நீரின் வாயில்.

பழைய பட்டையைக் கழற்றுமுன் அது மூடியில் உள்ளதா, உடலில் உள்ளதா, அதன் இணைப்பு எங்கே வருகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு துண்டை மாதிரிக்கு வைத்துக்கொள்வதும் நலம். பசையை மண்ணெண்ணெயால் இளக்கி மரத்தகட்டால் சுரண்டுக. பெட்ரோல் தீப்பற்றும், அதனை நாடலாகாது. மரப்பட்டையில் கத்தி ஆழப்பட்டால் காயமாகும் என்பதைப் பால்மரம் வெட்டுவோர் அறிவர். அதே இலகுவான கை இங்கும் வேண்டும். துரு இருப்பின் உப்புத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சும் வண்ணமும் பூசி, நன்கு உலரவிட வேண்டும். துருவின்மேல் பட்டை ஒட்டுவது புண்ணை ஆற்றாமல் கட்டுவது போலாம்.

பின்னர்ப் பசையின்றியே பட்டையைச் சுற்றிலும் வைத்துப் பார்க்க வேண்டும். இங்குப் பலர் செய்யும் பிழை, நீளம் போதாதெனப் பட்டையை இழுத்து ஒட்டுவதாகும். இழுத்த ரப்பர் நாளடைவில் சுருங்கி இணைப்பில் வாய்திறக்கும். இழுபட்ட இடத்தை ஓசோன் விரைந்து தாக்கும் என்பதையும் முன்னர்க் கண்டோம். ஆதலின் அரை அங்குலம் கூடுதலாக வெட்டி, மூலைகளில் சற்றே உள்தள்ளிப் பொருத்துக. பசையை இருபுறமும் மெல்லப் பூசி, கையில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்துக. மூடி சாத்த மறுத்தால் அறைந்து சாத்தலாகாது. பட்டையின் பருமனைச் சரிபார்த்து, தாழையும் கீலையும் திருத்துக. பட்டை நீரைத் தடுப்பது பசையின் வலிமையால் அன்று. அமுங்கி மீண்டெழும் தன் இயல்பால் என்க.

பசை உலர்ந்த மறுநாள், பெட்டிக்குள் செய்தித்தாளை விரித்து மூடியைச் சாத்தி, கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாக நீர் விட்டுச் சோதிக்கலாம். தாள் நனைந்த இடம் குறையைக் காட்டும். பின்விளக்கின் ஓரமாகவும் நீர் நுழைவதுண்டு. சோதிப்பதற்காகச் சிறுவரை உள்ளே வைத்து மூடுதல் எஞ்ஞான்றும் கூடாது. பட்டைக்கு எண்ணெயும் கிரீசும் ஆகா. அவை ரப்பரை உப்பச் செய்யும். சிலிக்கோன் பூச்சே தக்கது.

மரத்தின் மேலுள்ளதையும் பட்டை என்கிறோம்; வண்டியின் விளிம்பில் உள்ளதையும் பட்டை என்கிறோம். உள்ளிருக்கும் உயிரைக் காப்பது இரண்டுக்கும் பொது. ஆண்டிறுதி மழை தொடங்குமுன் ஒருமுறை மூடியைத் திறந்து, இப்பட்டையை விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். அது மீண்டெழவில்லையாயின் மாற்றும் காலம் வந்துவிட்டது.