மூன்றாம் நாள் நடுக்கம்

கோயிலில் கயிறு கட்டிக் குடியை விட்ட எங்கள் காலனிக்காரர் ஒருவரை, மூன்றாம் நாள் இரவு நாலு பேர் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். கை கால் நடுக்கம், உடம்பெல்லாம் வேர்வை. சுவரில் பூச்சி ஊர்கிறதென்று தட்டிக்கொண்டே இருந்தார். ‘காத்து கருப்பு அடிச்சிருச்சு’ என்று கோடாங்கியைக் கூப்பிட ஆள் போய்விட்டது. பிளஸ் டூ படிக்கும் மகன்தான் எங்களுக்குப் போன் செய்தான். 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு நாங்களும் ஓடினோம்.

அது காற்றும் இல்லை, கருப்பும் இல்லை. வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், பழகிப்போன மூளை நிலைகொள்ளாமல் தவிக்கும். முதல் நாளே நடுக்கமும் தூக்கமின்மையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும். வைத்தியம் பார்க்காவிட்டால் உயிரே போகலாம். மருத்துவமனையில் நடுக்கத்தை அடக்கும் மருந்தும், தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். பெரும்பாலானோர் சில நாளில் தேறிவிடுகிறார்கள். கயிறு கட்ட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கட்டுவதற்கு முன் டாக்டரை ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

மருத்துவமனையில் சீட்டு எழுதியவர் ஊர்ப் பெயரைக் கேட்டார். பிறகு தெருவையும் கேட்டார். “அந்தக் காலனியா? உங்க ஆளுங்களுக்கு இதே பொழப்பு. போதை தெளிஞ்சதும் கூட்டிட்டுப் போங்க.” மூன்று நாளாகச் சொட்டுக்கூடத் தொடாத மனிதரைப் பார்த்துச் சொன்ன சொல் இது. டாஸ்மாக் வரிசையில் எல்லாத் தெருவும்தான் நிற்கிறது. குடிகாரப் பட்டம் மட்டும் நமக்கு. அவர் மனைவி எழுந்துவிட்டார். “வாங்கண்ணே, வீட்டுக்கே போயிருவோம்.” இந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத வீடுகள் எத்தனையோ!

நாங்கள் நகரவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருளால் வரும் மனநிலைக் கோளாறையும் மனநோய் என்றே சொல்கிறது. அதன் 18-வது பிரிவு, அரசு தரும் மனநல சிகிச்சையில் சாதி பார்த்து வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. இதைச் சொல்லி, பணியில் இருந்த டாக்டரைப் பார்க்காமல் போக மாட்டோம் என்று நின்றோம். அவர் வந்து கேட்ட முதல் கேள்வி, “கடைசியா எப்போ குடிச்சார்?” மகன் நாளும் நேரமும் சொன்னான். உடனே கட்டில் கிடைத்தது. நீங்களும் போனவுடன் இதைச் சொல்லுங்கள்: நிறுத்தி எத்தனை நாள், முன்பு வலிப்பு வந்ததா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்.

அப்பா வார்டில் கிடந்தபோது, பையன் வராந்தாவில் நின்று 14416-க்குப் பேசிக்கொண்டிருந்தான். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அப்பாவுக்காகப் பேசுகிறான் என்று நினைத்தோம். தனக்காகவாம். ஒரு மாதமாக அவனுக்குத் தூக்கமில்லை, புத்தகத்தைத் திறந்தால் அழுகை வருகிறதாம்.

மறு வாரம் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அப்பனும் மகனும் ஒரே பஸ்ஸில் போனார்கள்.