கடகத்துக்கு என்ன போட்டிருக்கு?

வார இதழ் வந்ததும் அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக ராசிபலன் பக்கத்துக்குத் தாவும் கை பல வீடுகளில் உண்டு. இப்போது இதழுக்குப் பதில் கைப்பேசி வந்துவிட்டது. தாவல் மட்டும் மாறவில்லை. அதிலும் வீட்டு அம்மாக்களுக்கு ஒரு வழக்கம். தங்கள் ராசியை முதலில் படிக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு அம்மாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணவருடைய ரிஷபம் முதலில். அடுத்து துபாயில் இருக்கும் மகனுடைய சிம்மம். மருமகளுடைய துலாம். பிறகு மறுபடியும் சிம்மம். அவருடைய கடகத்துக்கு வருவதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும்.

மகன் நான்கு நாட்களாகப் பேசவில்லை. சிம்மத்துக்கு, 'பணிச்சுமை அதிகரிக்கும், மேலதிகாரிகளிடம் வாக்குவாதம் வேண்டாம்' என்று போட்டிருக்கிறது. அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. 'பாவம், ஆபீஸ்ல என்ன தொல்லையோ. அதான் போன் பண்ணலை.'

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 7.2 கோடி. பன்னிரண்டு ராசிக்கும் சமமாகப் பிரித்தால் ஒரு ராசிக்கு ஏறத்தாழ 60 லட்சம் பேர். அந்த மேலதிகாரி அத்தனை பேருக்கும் பொது. தொட்டிலில் கிடக்கும் சிம்ம ராசிக் குழந்தைக்கும், பென்ஷன் வாங்கும் தாத்தாவுக்கும் சேர்த்து! ஜோதிடர்களே இதை மறைப்பதில்லை. வாரபலன் என்பது பொதுப்பலன்தான், லக்னமும் நடக்கும் தசாபுத்தியும் பார்க்காமல் ஒருவருக்கென்று எதையும் சொல்ல முடியாது என்பார்கள். சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை வருடம், குரு ஏறத்தாழ ஒரு வருடம், சூரியன் ஒரு மாதம் என்று தங்குபவர்கள். சந்திரன்தான் அவசரக்காரர். சுமார் இரண்டேகால் நாளுக்கு ஒரு ராசி என்று ஓடிக்கொண்டே இருப்பார்.

பிறகு ஏன் அந்த வரி தனக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது? 1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து, ஒவ்வொருவரிடமும் அவரவர் குணத்தை எழுதிய தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். 39 பேர் போட்ட மதிப்பெண்ணின் சராசரி 4.26. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள்! அதிலிருந்த வரிகளில் பெரும்பாலானவை பெட்டிக்கடையில் விற்கும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ராசியின் பெயரைச் சொல்லாமல் பன்னிரண்டு பலன்களையும் ஒருவர் வாசிக்கட்டும். தங்களுடையது எது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு நல்ல பொழுதுபோக்கு. ஆனால், யார் எந்த வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 'உடன்பிறந்தோரிடம் விட்டுக்கொடுத்துப் போகவும்' என்று வாசிக்கும்போது ஒருவர் முகம் மாறினால், மூன்று வருடமாகப் பேசாத தங்கை அவர் மனதுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். எழுதிய ஜோதிடருக்கு அந்தத் தங்கையைத் தெரியாது. வாரபலனை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுபவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

அதே பக்கம் ஆளைக் கவிழ்ப்பதும் உண்டு. 'திடீர் பணவரவு' என்பதை நம்பி முன்பின் தெரியாத திட்டத்தில் பணத்தைக் கொட்டுவது ஒரு வகை. அதைவிட மோசம், உடம்பு விஷயம். மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. ஸ்கேன் எடுக்க வேண்டும். 'இந்த வாரம் சந்திராஷ்டமம், முடியட்டும்' என்று ஒரு பெண் தள்ளிவைக்கிறார். சந்திரன் எட்டாம் ராசியைக் கடக்க இரண்டேகால் நாள்தான். அதற்குள் அஷ்டமி வரும், பிறகு ஆடி மாதம், பிறகு வீட்டில் ஒரு விசேஷம். நாட்காட்டியில் காரணத்துக்கா பஞ்சம்? 'உடல்நலத்தில் கவனம் தேவை' என்ற வரியைப் படித்துவிட்டு இன்னொரு பெண் மறுநாளே டாக்டரிடம் போகிறார். இருவர் கையிலும் இருந்தது ஒரே இதழ்தான். முதல் பெண்ணை நிறுத்தி வைத்தது சந்திரனல்ல, பயம். அந்தப் பயத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் கண்டுபிடித்து, கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். புற்றுநோய் சந்திராஷ்டமம் பார்ப்பதில்லை.

சிம்மத்துக்குத் திரும்பலாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அம்மாவே மகனுக்கு போன் போடுகிறார். "மேலதிகாரிகிட்ட வாக்குவாதம் வேண்டாம்னு போட்டிருக்குப்பா. ஆபீஸ்ல ஏதும் பிரச்னையா?"

"ஆபீஸெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. நாலு நாளா காய்ச்சல். நீ பயப்படுவேன்னுதான் சொல்லலை."

பலன் பொய்த்துவிட்டது. அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. மாத்திரை, கஞ்சி, ரத்தப் பரிசோதனை, கூட யார் இருக்கிறார்கள் என்று கால் மணி நேரம் போகிறது. வைக்கப்போகும் நேரத்தில் மகன் கேட்கிறான்:

"அது சரி, கடகத்துக்கு இந்த வாரம் என்ன போட்டிருக்கு?"

அதை அவர் இன்னும் படிக்கவில்லை.