பொன்னாடைக்குப் போகும் பணம் பொல்லடிக்குப் போகட்டும்

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் கடனுக்கு அனுமதி வழங்கியது. அன்றிலிருந்து அரச செலவினங்களில் இறுக்கம்தான். 2022 மே வரை 8 சதவீதமாக இருந்த வற் வரியும் 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. இத்தகைய நிலையில் கலைக்கான பணம் வரிசையின் கடைசியில் நிற்பது புதுமையல்ல.

ஆனால் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையான எமது கரையோரத்தில் நட்டம் வேறு விதமானது. கூத்துக்குக் கோயில் இருக்கிறது. திறைசேரி கைவிட்டாலும் திருவிழா கைவிடாது. பொல்லடிக்கும் பக்கீர் பைத்துக்கும் சீனடிக்கும் இன்று அப்படியோர் ஆதரவில்லை. முன்பு கந்தூரி இருந்தது, கல்யாண வீடு இருந்தது, சுன்னத்து வைபவம் இருந்தது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் வருடாந்தம் நடக்கும் கொடியேற்றம் போன்ற ஒரு சில இடங்களில்தான் பக்கீர்மாரின் றபான் ஒலி இன்னும் எஞ்சியிருக்கிறது. மார்க்க அடிப்படையில் இவற்றை ஏற்காதோர் எம்மில் பலர். அந்த விவாதத்தை உலமாக்களிடமே விட்டுவிடுகிறேன். விளைவை மட்டும் சொல்வதானால், ஊர் கைவிட்ட கலைகளுக்குப் பிரதேச செயலகத்தின் கலாசாரப் பிரிவே கடைசிப் புரவலராயிற்று.

அந்தப் பணமும் பெரும்பாலும் இலக்கிய விழா, மலர், பொன்னாடை, ஞாபகச் சின்னம் என்றே கரைந்தது. கலாபூஷணம் விருதுகூட அறுபது வயதைக் கடந்தவர்களுக்குத்தான். கௌரவம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பொல்லடி அண்ணாவியார் பாட்டையும் அடியையும் மனதில் வைத்திருப்பவர். பாட்டு மாறும்போது அடி மாறும். அடி மாறும்போது கால் மாறும். அதைப் புத்தகத்தில் படிக்க முடியாது, அவர் பக்கத்தில் நின்று ஆடித்தான் பழக வேண்டும். கவிஞர் நீலாவணன் மறைந்தது 1975இல். அவரது கவிதைகளை இன்றும் படிக்கிறோம். ஓர் அண்ணாவியார் மௌத்தானால் அவரது பாட்டும் ஜனாஸாவோடு போய்விடும்.

ஆகவே இருக்கும் சொற்ப நிதியில் விழாவொன்றைக் குறைத்து, ஓர் அண்ணாவியாருக்கு மாதாந்தம் ஒரு கொடுப்பனவு கொடுக்கலாம். கிழமையில் ஒரு நாள், ஒரு பாடசாலை மண்டபம், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் போதும். பதிவு செய்ய ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களின் கையடக்கத் தொலைபேசிகளே தாராளம். இப்போதோ அமைச்சர் வரும் நாளில்தான் பொல்லடிக் குழுவைத் தேடிப் பிடித்து வீதியில் நிறுத்துகிறோம். (வெயிலில் அவர்கள் காத்து நிற்கும் நேரத்துக்கு எவரும் கணக்குப் பார்ப்பதில்லை.)

நானும் எழுதுகிறவன்தான். கலாசாரப் பேரவைகளில் அதிகமாக அமர்ந்திருப்பதும் எழுதுகிறவர்களே. அடுத்த வருடத்துக்கான செயற்றிட்டம் தயாராகும்போது இந்தக் கோரிக்கையை நாம்தான் முன்வைக்க வேண்டும், அதனால் எமது நூல் வெளியீடுகளுக்கான உதவி குறைந்தாலும்.