நோய்க்கும் ஓர் எண்

நோய்க்குப் பெயருண்டு என்பதை யாவரும் அறிவர். அப்பெயருக்கு ஓர் எண்ணும் உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. உடப்புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து உயர்தரப் பரீட்சையில் தேறிவரும் இளைஞர் சிலர் 'மெடிக்கல் கோடிங்' என்னும் தொழிலைப் பற்றி நம்மிடம் வினவுகின்றனர். கணினியும் ஆங்கிலமும் கைவந்தாற் போதும் என்பது அவர்தம் எண்ணம். போதாது என்பதே நமது கருத்து.

1893 ஆம் ஆண்டில், சிக்காகோ நகரிற் கூடிய புள்ளிவிபர அறிஞர்கள் முன் பாரிஸ் நகரத்து ஜாக் பெர்ட்டியோன் மரண காரணங்களின் பட்டியல் ஒன்றை வைத்தார். அது வளர்ந்து, 1948 இல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் ஆறாம் பதிப்பாயிற்று. பதினோராம் பதிப்பு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்ததாயினும், பயில்வோர்க்குப் பத்தாம் பதிப்பே ஏற்ற தொடக்கம். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலையிலே தங்கிச் சிகிச்சை பெற்றவர் வீடு திரும்பியபின், அவரது டிக்கட்டில் வைத்தியர் எழுதிய நோய் எண்ணாக மாறிக் கொழும்புக்குக் கணக்காகச் செல்கிறது.

இக்கலையைப் பழகக் கற்பனை நோயாளரே தக்க துணை. ஒருவரை ஈண்டு அழைப்போம். ஐம்பத்தெட்டு வயதுக் கொழுந்து பறிக்கும் அம்மையார், நெடுநாளாக நீரிழிவு, பாதத்தில் ஆறாப் புண். டிக்கட்டில் 'காற்புண்' என்று மட்டும் இருந்தால் எண் 'எல் 97'. 'நீரிழிவால் வந்த புண்' என்றிருந்தால் 'ஈ 14.5'. 'இரண்டாம் வகை நீரிழிவு' என்ற சொற்களும் சேர்ந்தால் 'ஈ 11.5'. புண் ஒன்றே, எண்கள் மூன்று! வைத்தியர் எழுதாததை எண்ணிடுவோர் ஊகித்து எழுதலாகாது. ஐயம் எழுந்தால் வைத்தியரிடமே கேட்டல் வேண்டும். இளைஞர்க்கு இக்கூச்சத்தை வெல்வதே முதற் பாடம் என்போம்.

தோட்டத்தவர் நன்கறிந்த குளவிக் கொட்டை எடுத்துக்கொள்வோம். அகரவரிசைச் சுட்டியை மட்டும் பார்த்து, நஞ்சற்ற பூச்சிக் கடிக்குரிய 'டபிள்யூ 57' ஐ எழுதிவிடுவோர் உளர். குளவிக்கு நஞ்சுண்டு. ஆகவே நஞ்சுக்கு 'டி 63.4', காரணத்துக்கு 'எக்ஸ் 23' என இரண்டும் வேண்டும். சுட்டியிற் கண்டதை முதற் தொகுதியில் ஒப்பிட்டுப் பாராமல் எழுதவே கூடாது. (அட்டைக் கடிக்கும் 'பி 88.3' என்று ஓர் எண் உண்டு என்று சொன்னால் நம் மலைநாட்டார் நகைப்பர்!)

நகைப்புக்கு இடமில்லாத வழக்கும் உண்டு. தோட்டத் தொழிலாளி ஒருவர் இறக்கிறார். பத்திரத்தில் முதல் வரி இருதயம் செயலிழந்தமை. அதற்குக் காரணம் இரத்தச்சோகை. அதற்கும் காரணம் கொக்கிப்புழு. கணக்கில் ஏறவேண்டியது முதல் வரியன்று. சங்கிலியின் அடியில் உள்ள கொக்கிப்புழுவே. அவ்வடிவரியை வைத்தியர் எழுதாவிடின், அல்லது எண்ணிடுவோர் தவறவிட்டால், அம்மரணம் வெறும் இரத்தச்சோகையாகிவிடும், புழு மறைந்துவிடும். பூச்சி மருந்தும் மலசலகூடமும் வேண்டிய இடம் எது என்பதைக் கொழும்பிலிருப்போர் எவ்வாறு அறிவர்? 1916 இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியதும், அந்நோய் இத்தனை பேரைப் பற்றியுள்ளது என்ற கணக்கைக் கொண்டே அல்லவா?

இனிப் பிழைப்பைப் பற்றி ஒரு சொல். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் இத்தொழில் பெரிதும் நடப்பது அமெரிக்க வைத்தியசாலைகளின் பணக் கோரிக்கைகளுக்காக. அங்கே 2015 ஒக்டோபர் 1 முதல் வழங்குவது அமெரிக்கர் தமக்கென விரித்த பதிப்பு. அதன் எண்கள் ஏழு எழுத்துவரை நீளும். நம் அம்மையாரின் புண் அங்கே 'ஈ 11.621' ஆகும், புண்ணின் இடமும் ஆழமும் வேறோர் எண்ணாற் குறிக்கப்படும். அன்றியும், நீரிழிவும் பாதப் புண்ணும் ஒருங்கே இருப்பின், வேறு காரணம் எழுதப்படாதவரை, இரண்டுக்கும் தொடர்புண்டு என்றே அந்நூல் கொள்ளும். வகை குறியாவிடின் இரண்டாம் வகை என்றே எடுக்கும். சென்னைப் பாடநூலைக் கொண்டு நம் வைத்தியசாலைக் கணக்கை எழுதப் புகுவோர் இவ்விடத்திலேதான் இடறுவர்.

எனவே, எந்நூலுக்குப் பயில்கிறோம் என்பதை முதலில் தெளிந்து, இருவர் இருவராக அமர்க. ஒரே வழக்கை ஒருவர் தாளை மற்றவர் பாராமல் எண்ணிட்டுப் பின் ஒப்பிடுக. எண்கள் வேறுபட்ட இடத்தில் உரத்து வாதிடுக. நாளொன்றுக்கு ஐந்து வழக்குகள் போதும்.