பசுவின் வரவு செலவு

அயர்லாந்துப் பசுக்கள் பெரும்பாலும் மேய்ச்சல் புல்லிலேயே பால் தருபவை. எவ்வளவு பால் வரும் என்று முன்கூட்டியே கணிக்க, அங்குள்ள மூர்பார்க் ஆய்வு நிலையத்தார் கணினி மாதிரிகளை உருவாக்கியிருக்கிறார்கள். அடிப்படை நமக்குப் பழகிய வரவு செலவுதான்.

ஒரு பசு நாளுக்கு, நீர் நீக்கிய நிறையில், 16 கிலோ புல் மேய்வதாக வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 11.5 மெகாயூல் சக்தி, வரவு 184. உடலைப் பேணவும் நடக்கவும் 65 போய்விடும். கடை வாடகை மாதிரி, பால் கறந்தாலும் கறக்காவிட்டாலும் இது செலவு. மீதி 119. லீற்றருக்கு 5.2 வீதம், ஏறத்தாழ 23 லீற்றர்.

ஒரு கிலோ அடர்தீவனம் 12.5 மெகாயூல் தந்தால், காகிதத்தில் 2.4 லீற்றர் கூடவேண்டும். ஆனால் வயிறு நிறைந்த பசு அரைக் கிலோ புல்லை விட்டுவிட்டால் கூடுவது 1.3 மட்டுமே. தீவனக்காரருக்கோ முழுக் காசும் கொடுக்கவேண்டும். பால் விலை சரியும்போது பண்ணையின் தலைவிதி இந்த வித்தியாசத்தில்தான் தங்கியிருக்கிறது.