சீருடை உரிமமாகாது

பணிமாற்றலில் பெங்களூர் வந்து ஸ்ரீராம்புரத்தில் குடியேறும் படைவீரர் சொந்தமாக ரைஃபிள் வாங்க நினைத்தால், சீருடை மட்டும் போதாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் விலக்களிப்பது பணிக்காக அரசு தரும் ஆயுதத்துக்குத்தான். வீட்டில் வைக்கும் துப்பாக்கிக்கு அவரும் உரிமம் பெற வேண்டும். பெங்களூரில் அதை வழங்குபவர் மாநகரக் காவல் ஆணையர். காவல் நிலைய விசாரணை உண்டு. ராணுவத்தில் புழங்கும் 7.62 மி.மீ. போன்ற ரகங்கள் சாதாரண உரிமத்தில் கிடைக்கா. சொந்த ஊரில் எடுத்த உரிமத்தோடு துப்பாக்கியையும் கொண்டுவருபவர், அந்த உரிமம் கர்நாடகத்தில் செல்லுமா என்று முதலில் பார்க்க வேண்டும். 30 நாளுக்கு மேல் தங்குவதானால், இடம் மாறிய 30 நாட்களுக்குள் இரு ஊர் உரிம அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டின் விதிகள்.

நாட்டைக் காக்க ஆயுதம் ஏந்தியவரிடமே இத்தனை கேள்வியா என்று சிலர் கேட்கலாம். அந்த ஆதங்கம் புரிகிறது. ஆனால் முகாமில் துப்பாக்கி பூட்டிய கிடங்கிலிருந்து கணக்கெழுதித்தான் வெளியே வருகிறது. சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பில் அந்தக் காவல் ஏது? குறிபார்க்கும் திறமைக்குப் பயிற்சி சான்றாகலாம், குழந்தைகள் நடமாடும் வீட்டின் பூட்டுக்கு ஆகாது. அவர் அடிக்கடி ஊர் மாறுபவர் என்பதாலேயே, களவுபோன துப்பாக்கியைத் தேடும் காவலருக்கு அது கடைசியாக எந்த முகவரியில் இருந்தது என்ற பதிவு அவசியமாகிறது.