களைக்கொல்லி மருந்தும் அமைன் உப்பும்

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் மோட்டார் உற்பத்திச் சாலைகள் பெருகிய பின்னர், சுற்றுக் கிராமங்களில் களை பறிக்க ஆள் கிடைப்பது அருமையாகிவிட்டது. ஆகவே குடியானவர்கள் களைக்கொல்லி மருந்துகளை நாடுகின்றனர். அவற்றுள் 2,4-டி என்பது 1940-ஆம் ஆண்டுகளில் வெளிவந்து, தானியப் பயிர்களிலும் கரும்பிலும் அகன்ற இலைக் களைகளை ஒழிக்க இன்றளவும் வழங்கி வருகிறது. கடைகளில் இது சோடியம் உப்பு, அமைன் உப்பு, எதில் எஸ்டர் என மூன்று உருவங்களில் கிடைக்கும். மூன்றும் ஒன்றே என எண்ணி வாங்குவோர் பலர். அவ்வெண்ணம் தவறானது, அதனால் நஷ்டமடைபவர் பெரும்பாலும் அண்டை நிலத்துக்காரரே.

அமைன் என்பது யாது?

தொழுவத்தில் மூக்கை அரிக்கும் நெடி அமோனியா வாயுவினுடையது என்பதை விவசாயிகள் அறிவர். ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் கூடியது அமோனியா. அம்மூன்றில் ஒன்றோ, இரண்டோ, மூன்றுமோ நீங்கி, அவ்விடத்தில் கரியணு கொண்ட தொகுதிகள் அமருமாயின் அப்பொருள் அமைன் எனப்படும். மெதில் அமைனையும் எதில் அமைனையும் 1849-இல் பிரெஞ்சு ரசாயன அறிஞர் வூர்ட்ஸ் கண்டறிந்தார்.

இக்காலத்தில் அமோனியாவையும் மெதில் ஆல்கஹாலையும் ஆவியாக்கி, நன்கு சூடேறிய அலுமினாவின் மீது செலுத்துகின்றனர். மூவகை மெதில் அமைன்களும் ஒருங்கே உண்டாகும்; அவற்றை வாலை வடித்துப் பிரிப்பர். களைக்கொல்லிக்கு வேண்டுவது டைமெதில் அமைன். அது 7 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்து ஆவியாகிவிடும்.

அமிலத்துடன் சேர்க்கை

அமைன்கள் அமோனியாவைப் போன்றே க்ஷார குணமுடையவை. அமிலத்துடன் கூடி உப்பாகும். உப்பானபின் ஆவியாகா, ஜலத்தில் எளிதிற் கரையும். மீனின் கவிச்சி டிரைமெதில் அமைனால் உண்டாவது. குழம்பிற் புளி சேர்ந்தவுடன் அது உப்பாக மாறுவதால் நாற்றம் அடங்குகிறது. மோட்டார் வண்டியின் உடலுக்கு அடிப்பூச்சு இடும் தொட்டியிலும் இதே கிரியைதான்: அமைன் கொண்ட பிசின், அமிலத்தினால் ஜலத்தில் கலக்கும் தன்மை பெற்று, மின்சாரத்தின் உதவியால் இரும்பின்மேற் படிகிறது.

2,4-டி ஓர் அமிலம். ஜலத்தில் மிகச் சிறிதே கரையும். டைமெதில் அமைனுடன் சேர்த்து உப்பாக்கினால் தாராளமாகக் கரையும். எஸ்டரோ எண்ணெய்ப் பொருள். ஜலத்தில் ஊற்றினால் பால் போல் வெளுக்கும். அமைன் உப்பு அவ்வாறு வெளுக்காமல் தெளிவாகக் கரையும். எஸ்டர் வெயிலின் உஷ்ணத்தில், தெளித்த பிறகும் ஆவியாகிக் காற்றோடு செல்லக்கூடும். கத்தரி, தக்காளி, வெண்டை, பருத்தி முதலியவை அந்த ஆவி பட்டாலே இலை சுருண்டு கெடும். ஆகையால், பருத்தியோ காய்கறியோ அருகிலிருப்பின் எஸ்டரை விலக்கி, அமைன் உப்பையே கொள்வது உசிதம்.

கவனிக்க வேண்டியவை

1. சீட்டில் தம் பயிரின் பெயர் அச்சிடப்பட்டிருந்தால் மட்டுமே வாங்குக. அதிற் கண்ட அளவை மீறற்க.

2. ஆழ்கிணற்று ஜலம் உப்புக்கடினமாயின், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து 2,4-டியுடன் கூடிக் கரையாத பொருளாகிப் படியும். மருந்தின் வலிமை குன்றித் தெளிப்பானின் மூக்கும் அடைபடும். வடிகட்டிய ஏரி ஜலம் அல்லது மழை ஜலம் நன்று.

3. சுண்ணாம்பு கலந்த எதனையும் இதனுடன் கலக்கலாகாது. அம்மோனியம் சல்பேட்டைச் சுண்ணாம்புடன் கலந்தால் அமோனியா வெளிப்பட்டுச் சத்து வீணாவதை யாவரும் அறிவர். வலிய க்ஷாரம் அமைன் உப்பினின்றும் அமைனை அவ்வாறே விடுவிக்கும்.

4. அமைன் உப்பு ஆவியாகாதெனினும் அதன் நுண்துளிகள் காற்றிற் பறக்கும். காற்று வீசும் வேளையில் தெளிக்கலாகாது. இம்மருந்துக்கெனத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்க. அதனாற் கத்தரிக்கு வேறு மருந்து தெளித்தால் கத்தரியே கருகும்.

5. இவ்வுப்பு கண்ணுக்கு மிகக் கொடியது. கண்ணாடியும் கையுறையும் அணிக. கண்ணிற் பட்டால் கால் மணி நேரம் சுத்த ஜலத்தால் இடைவிடாது கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க. 2015-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2,4-டியைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாயிருக்கலாம் என்ற வகுப்பிற் சேர்த்துள்ளது. ஆதலால் தேவையின்றி உடம்பிற் படவிடலாகாது.

கிராம அதிகாரிகளுக்கு

ஜலத்தில் எளிதிற் கரைவதே அமைன் உப்பின் பலம். அதுவே அதன் அபாயமும் ஆகும். காலிப் புட்டிகளை வாய்க்காலில் அலசுவதும் மதகருகே எறிவதும் இப்பகுதியில் பெருந்தவறு. ஏனெனில் மேற்கேயுள்ள ஏரிகளின் உபரி ஜலம் செம்பரம்பாக்கம் ஏரியை அடைகிறது. அது சென்னை நகரத்தார் பருகும் ஜலம். கரையோரங்களிற் புட்டிகள் சேராவண்ணம் கண்காணித்தலும், அண்டை நிலத்துக்காரருக்கு முன்னறிவித்த பின்னரே தெளிக்குமாறு குடியானவர்களுக்குச் சொல்லுதலும் கிராம அதிகாரிகளின் கடமையாகும். களை ஒழிய வேண்டும்; அயலான் பயிரும் ஊர் ஏரியும் ஒழியலாகாது.